மீண்டும் அச்சேறும் பழைய நூல்கள்

பழைய நூலொன்றை மீண்டும் அச்சிடுதல் எளிய காரியம் என்பது பலருடைய எண்ணம். அதற்கெனப் புதிதாக ஆராய வேண்டுவதில்லை, எழுத வேண்டுவதில்லை, எங்கோ கிடந்த பிரதியொன்றைத் தேடியெடுத்து அச்சுக்கூடத்தாரிடம் ஒப்புவித்தாற் போதும் என்று அவர்கள் கருதுவர். வரலாற்றையும் சமயத்தையும் பற்றிய அரிய நூல்களைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் பெரிதும் பிழையானது. அத்தகைய நூலொன்று மறுபடியும் அச்சேறும்போது, நெடுநாட் காணாமற் போயிருந்த சாட்சியொருவன் வழக்கு மன்றத்துக்குத் திரும்பி வருகின்றான். அவன் சொல்வது முழுவதும் உண்மையாயிருக்கும் என்பதில்லை. பகைமையினாற் சிலவற்றைக் கூறலாம்; பிறர் சொல்லக் கேட்டதைத் தான் கண்டதாகக் கூறலாம். ஆயினும் அவன் கூற்று, குறையாமலும் கூடாமலும் மன்றத்தில் வைக்கப்படல் வேண்டும். அவனை மறித்து வினவுதற்கு வேறு சாட்சிகளும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து, மறுபதிப்பு நன்மை செய்வதிலும் பார்க்கத் தீமை செய்தல் கூடும். இவ்வுண்மையை நம் நாட்டோடும் நம்மவர் சமயங்களோடும் தொடர்புடைய சில நூல்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

ஒரு நூல் எவ்வாறு அரிய நூலாகின்றது என்பதை முதலில் நோக்குதல் தகும். நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலைக்குச் செல்லும் கறையானும் ஈரமும் நெருப்பும் பகை. ஏட்டைப் பெயர்த்தெழுதும் வழக்கம் ஒரு குடும்பத்தில் நின்றுவிடுமாயின், சில தலைமுறைக்குள் அந்நூல் மறைந்துபோகும். காகிதத்தில் அச்சான நூல்களும் இவ்விதிக்கு விலக்காகவில்லை. தமிழெழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருப்பனவற்றுள் மூத்தது ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல். அண்டிறிக்கு அடிகளார் என்னும் கிறித்தவத் துறவி தமிழாக்கிய இந்நூல், 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சாயிற்று. மன்னார்க் குடாக்கடலை அடுத்த ஊர்களில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவர் கையிலேந்திப் படிப்பதற்கென்று செய்யப்பட்ட இதன் பிரதியைக் காணவேண்டுமாயின், இன்று அமெரிக்காவிலுள்ள ஹார்வாட் பல்கலைக்கழகத்துக்குச் செல்லல் வேண்டும்.

இதனினும் பெரியதொரு நூல் அந்தம் தெ புரோவென்சா அடிகளார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதியாகும். அவர் மறைந்த பின்னர், 1679ஆம் ஆண்டில், மலையாள நாட்டிலுள்ள அம்பலக்காட்டில் அது அச்சிடப்பட்டது. 17ஆம் நூற்றாண்டுத் தமிழர் வீட்டிலும் கடையிலும் கோயிலிலும் வழங்கிய சொற்கள் அதிலே உள்ளன. இத்துணைப் பெறுமதி வாய்ந்த நூலின் பிரதியொன்று உரோமாபுரியில் வத்திக்கான் நூல்நிலையத்தில் உறங்கிக் கிடந்தது. ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் அதனைக் கண்டறிந்து, ஒளிப்படப் பதிப்பாக 1966ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். அச்சாகி ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு கழிந்த பின்னரே அவ்வகராதி தமிழ் ஆராய்ச்சியாளர் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒரு பிரதியாக மட்டும் எஞ்சியிருந்த நூல், அப்பதிப்பின் பின்னர் பல நாடுகளிலும் பரவிவிட்டமையால், இனி ஒரு தீவிபத்தினாலோ வெள்ளத்தினாலோ அழிந்துபோகாது. மறுபதிப்பின் முதற் பயன் இதுவேயாம்.

இனி, நூல் பிழைத்து வந்தபின் அது செய்யும் பணி யாது என்பதைக் காண்போம். யாழ்ப்பாண வரலாற்றைக் கற்போர் அனைவரும் அறிந்த நூல் ‘யாழ்ப்பாண வைபவமாலை’. ஒல்லாந்தர் ஆட்சியிலே, மேக்கறூன் என்னும் அதிகாரியின் வேண்டுகோட்படி மாதகல் மயில்வாகனப் புலவர் இதனை இயற்றினார். 1736ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டது என்பது பொதுவாக வழங்கும் கொள்கை. தாம் முதனூல்களாகக் கொண்டவை கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவை என்று இந்நூல் கூறுகின்றது. இவற்றுள் முதலிரண்டும் அச்சேறி நம் கையில் உள்ளன. பின்னிரண்டும் கிடைத்தில. அந்நூல்களைப் புலவர் எவ்வாறு கையாண்டார், எதனைக் கொண்டார், எதனை விட்டார் என்று கேட்க இன்று வழியில்லை. சாட்சிகள் நால்வரில் இருவர் வாய் திறவாமலே மாண்டுபோயினர்.

வைபவமாலையைப் பிரிட்டோ என்பவர் ஆங்கிலத்திற் பெயர்த்து 1879ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதலியார் குல. சபாநாதன் தமிழ்மூலத்தை ஆராய்ந்து 1949ஆம் ஆண்டிலும் 1953ஆம் ஆண்டிலும் பதிப்பித்தார். இப்பதிப்புகளாலே நூல் பலர் கைக்கு எட்டியது. எனினும் இதனை மாத்திரம் கற்றவர் ஒரு பெரும் மயக்கத்துக்கு உள்ளாதல் இயல்பு. மன்னாரிலே கிறித்தவரானோரைக் கொன்ற சங்கிலியையும், போர்த்துக்கேயரிடம் நாட்டை இழந்த சங்கிலியையும் வைபவமாலை ஒருவனாகவே கொண்டு கதை சொல்கின்றது. மன்னாரில் நிகழ்ந்த கொலை 1544ஆம் ஆண்டினது. யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619ஆம் ஆண்டில். இடையே 75 ஆண்டுகள் உள்ளன. ஒரு மன்னன் இரண்டிலும் நின்றிருத்தல் இயலாது.

இம்மயக்கத்தைத் தெளிவித்தவை போர்த்துக்கேயர் எழுதிய வரலாறுகள். அவற்றுட் பெரியது குவேறோஸ் பாதிரியார் எழுதிய இலங்கை வெற்றி வரலாறு. அவர் அதனைக் கோவாவிலிருந்து எழுதி 1687ஆம் ஆண்டில் முடித்தார். மறு ஆண்டில் மறைந்தார். அவர் வாழ்நாளில் அந்நூல் அச்சாகவில்லை. அதன் கையெழுத்துப் பிரதி கடல் கடந்து பிறேசில் நாட்டின் இரியோ டி ஜெனீரோ நகரைச் சென்றடைந்தது. 1916ஆம் ஆண்டிற் கொழும்பிலே போர்த்துக்கேய மூலம் அச்சாயிற்று. எஸ். ஜி. பெரேரா பாதிரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட சங்கிலி வேறு, இறுதியிற் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்ட சங்கிலி குமாரன் வேறு என்பதைப் போர்த்துக்கேய நூல்கள் காட்டின. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்னும் நூலில் இத்தகைய சான்றுகளைக் கொண்டு வைபவமாலையைச் சீர்தூக்கிப் பார்த்தார்.

இதனால் குவேறோஸ் நடுநிலையாளர் என்று எவரும் எண்ணற்க. ஒல்லாந்தரிடம் இழந்த இலங்கையைப் போர்த்துக்கேயர் மீட்டல் வேண்டும் என்னும் வேட்கையோடு எழுதியவர் அவர். நம் முன்னோர் வழிபாட்டைப் பற்றி அவர் கூறுமிடங்களிலே அன்பையோ மரியாதையையோ எதிர்பார்த்தல் வீண். ஆயினும் அவருடைய நூல் இல்லையாயின் இரு மன்னரும் ஒருவராகவே நம் வரலாற்றில் நின்றிருப்பர். அதுபோலவே, வைபவமாலை இல்லையாயின், வென்றவர் எழுதிய கதையே நம் கதை என்று நாம் ஏற்றிருப்போம். யாழ்ப்பாணத்துச் சைவரும் கத்தோலிக்கரும் சங்கிலியை நினைவுகூரும் முறை ஒன்றல்ல. ஒரு சாராருக்கு அவன் இறுதிவரை போராடிய வீரன். மற்றச் சாராருக்கு மன்னாரின் இரத்த சாட்சிகளைக் கொன்றவன். இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவர், இரு சாராரும் பெரும்பாலும் வெவ்வேறு மனிதரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றனர் என்பதை உணர்வர். ஒரு பழைய நூலை மட்டும் மீட்டெடுத்து, அதனோடு மாறுபடும் நூலை மறைவில் விடுதல் எத்துணைக் கேடு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அடுத்து எழும் வினா, ஒரு நூலின் எந்தப் பாடத்தை மறுபடி அச்சிடுவது என்பது. ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபோது அவர்களோடு வந்தவர் பால்டேயஸ் பாதிரியார். 1665ஆம் ஆண்டுவரை இங்கே பணியாற்றினார். யாழ்ப்பாணக் கோவிற்பற்றுகளையும் அவற்றின் பாடசாலைகளையும் அவர் விரித்தெழுதிய நூல் 1672ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒல்லாந்த மொழியில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்பும் அச்சாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் சேர்ச்சில் சகோதரர் வெளியிட்ட பயணநூற் கோவையில் இதன் ஆங்கில ஆக்கம் இடம்பெற்றது. அவ்வாங்கிலம் ஒல்லாந்த மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டதன்று. ஜேர்மன் மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டது. மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாகிய அதுவே ஆங்கிலம் அறிந்தோர் கையில் நெடுங்காலம் பால்டேயஸ் என்ற பெயரால் வழங்கிற்று. பின்னரும் மறுபதிப்புப் பெற்றது. 1960ஆம் ஆண்டிலேதான், பீற்றர் புறோகியர் ஒல்லாந்த மூலத்திலிருந்து செய்த இலங்கைப் பகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ‘இலங்கை வரலாற்றுச் சஞ்சிகை’யின் வெளியீடாக வந்தது. மூலத்தை அறியாது முந்திய ஆங்கிலத்தை மேற்கோள் காட்டும் மாணவன், பால்டேயஸ் சொன்னதைத்தான் சொல்கின்றேன் என்று நம்புகின்றான். ஊரார் பிழையை அவர்மேல் ஏற்றுகின்றான் என்பது அவனுக்குத் தெரியாது.

பால்டேயஸ் நூலில் இந்து சமயத்தைப் பற்றிய நீண்ட பகுதியொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்திலே கண்டும் கேட்டும் எழுதப்பட்டதென நெடுங்காலம் அது மதிக்கப்பட்டது. மலையாளக் கரையிலே வாழ்ந்த யாக்கோமே பெனிச்சியோ என்னும் யேசுசபைத் துறவி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்துக்களின் சமயம் பற்றிப் போர்த்துக்கேய மொழியில் ஒரு நூல் எழுதியிருந்தார். அதன் கையெழுத்துப் பிரதியைச் சுவீடன் நாட்டறிஞர் சார்பெண்டியர் 1933ஆம் ஆண்டிற் பதிப்பித்தார். இரண்டையும் ஒப்பிட்டபோது, பால்டேயஸ் கூறியவற்றுட் பெரும்பகுதி பெனிச்சியோவின் நூலிலிருந்து வந்தமை புலனாயிற்று. யாழ்ப்பாணத்துச் சைவத்தின் சித்திரம் என்று கருதப்பட்டது, உண்மையில் மலையாள நாட்டு வழக்குகளின் சித்திரமாயிற்று. மறைந்து கிடந்த ஒரு நூல் வெளிவந்தமையால், புகழோடு வழங்கிய வேறொரு நூலின் பெறுமதி மாறிவிட்டது.

பாடத்தை மாற்றி அச்சிடுவதால் விளையும் இடருக்குச் சீகன்பால்கு ஐயரின் நூல் எடுத்துக்காட்டாகும். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த இவர், தமிழைக் கற்றுத் தமிழ் ஏடுகளைச் சேர்த்தார். தமிழர்க்குத் திருமுகங்கள் எழுதி அவர்தம் சமயத்தைப் பற்றி அவர் வாய்மொழியாகவே அறிந்தார். அவ்வாறு பெற்ற மறுமொழிகளையும் பயன்படுத்தி, 1713ஆம் ஆண்டில் ‘மலபார் தெய்வங்களின் வமிசாவளி’ என்னும் நூலை ஜேர்மன் மொழியில் எழுதி ஹாலே நகரிலிருந்த தம் மேலாளருக்கு அனுப்பினார். மலபார் என்றது தமிழரையே. புறச்சமயத்தை இத்துணை விரிவாக எடுத்துரைக்கும் நூலை அச்சிட அவர்கள் விரும்பவில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1867ஆம் ஆண்டிற் சென்னையிலே ஜெர்மான் என்பவர் அதனை வெளியிட்டார். அவர் மூலத்தை இருந்தவாறே விடவில்லை. திருத்தியும் சேர்த்தும் அச்சிட்டார். 1869ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலமாக்கிய மெற்ஸ்கர், தாமும் புதிய பகுதியொன்றைச் சேர்த்தார். சீகன்பால்கு எழுதியது எது, பின்னோர் எழுதியது எது என்று பிரித்தறிய இயலாத நூலொன்றே அவர் பெயரால் உலவிற்று. 2003ஆம் ஆண்டில் தானியேல் ஜெயராஜ் மூலப் பிரதியைக் கொண்டு ஜேர்மன் பாடத்தைப் பதிப்பித்து, 2005ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்ட பின்னரே, 1713ஆம் ஆண்டுத் தமிழர் தம் தெய்வங்களைப் பற்றி ஓர் அயலானுக்குச் சொல்லியவை தெளிவாகக் கேட்கத் தொடங்கின. பதிப்பாசிரியர் நல்லெண்ணத்தோடுதான் திருத்தினர். எனினும் சாட்சியின் வாயில் தம் சொல்லை வைத்தமை குற்றமேயாம்.

ஆசிரியரே திருத்த விரும்பிய நூலின் கதையும் ஒன்று உண்டு. 1660ஆம் ஆண்டிற் கொட்டியாரத்திலே பிடிபட்டுக் கண்டி நாட்டிற் சிறையிருந்து, 1679ஆம் ஆண்டிலே தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தவர் றொபேட் நொக்ஸ். அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் அது விரைவிற் பெயர்க்கப்பட்டது. நொக்ஸ் அத்தோடு அமைந்துவிடவில்லை. தம் நூற்பிரதியின் ஏடுகளுக்கிடையே வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து, நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் அவற்றில் எழுதிவந்தார். இரண்டாம் பதிப்பைக் காணாமலே 1720ஆம் ஆண்டில் மறைந்தார். பின்வந்தோர் பலமுறை அச்சிட்டது 1681ஆம் ஆண்டின் பாடத்தையே. அவர் தம் கையால் விரித்தெழுதிய நூல், முன்னாள் அரசாங்கச் சுவடிக்காவலராகிய பவுலுஸ் என்பவரின் முயற்சியால் 1989ஆம் ஆண்டிலே தெஹிவளையில் வெளிவந்தது. ஆசிரியர் விரும்பிய இரண்டாம் பதிப்பு முந்நூறாண்டு கழித்து, அவர் சிறையிருந்த நாட்டிலேயே அச்சேறியது.

மறுபதிப்பைச் செவ்வையாகச் செய்தோரும் நம் நாட்டில் உளர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரால் 1859ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறுகளின் தொகுப்புக்களுள் அது முன்னோடி. சங்க நூல்கள் பல அச்சேறாத காலத்தில் எழுந்தமையால் அதில் வழுக்கள் உண்டு. புலவர் காலம் பற்றிய செய்திகள் பல இன்று நில்லா. 1946ஆம் ஆண்டிற் கொழும்பில் அந்நூல் மறுபடி வெளிவந்தபோது, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் எழுதிய குறிப்புக்களும் உடன் அச்சாயின. காசிச்செட்டி தம் காலத்தில் அறிந்தது இது, பின்னர் அறியப்பட்டது இது என்று வாசகர் ஒப்புநோக்க அக்குறிப்புக்கள் வழி செய்தன. முன்னோரைக் குறை கூறாமலும் அவர் பிழையைப் பரப்பாமலும் இருத்தற்கு இதுவே நெறி.

அண்மைக் காலத்தில் மறுபதிப்புகள் பெருகியுள்ளன. 1970களின் பின்னர் புதுடில்லிப் பதிப்பகங்கள், இலங்கையையும் தென்னிந்தியாவையும் பற்றிய பழைய ஆங்கில நூல்கள் பலவற்றை ஒளிப்பட முறையில் மீண்டும் வெளியிட்டன. குவேறோசின் வரலாறும், பிரிட்டோவின் வைபவமாலை மொழிபெயர்ப்பும், ‘தமிழ் புளூட்டாக்’கும், இராசநாயக முதலியாரின் 1926ஆம் ஆண்டு நூலாகிய ‘பண்டைய யாழ்ப்பாண’மும் அவற்றுட் சில. பெருநகர் நூல்நிலையங்களின் பூட்டிய அலுமாரிகளில் இருந்தவை, கிராமத்து ஆசிரியர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. இத்தொண்டு பாராட்டுதற்குரியது. ஆனால் ஒளிப்பட மறுபதிப்பிலே பழைய பக்கங்கள் மாத்திரம் வருகின்றன. பழைய நூலுக்குப்பின் நிகழ்ந்த ஆராய்ச்சி வருவதில்லை. புதிய அட்டையும் புதிய ஆண்டும் கண்ட மாணவன், நூறாண்டுக்கு முன் கைவிடப்பட்ட கொள்கையை நேற்றைய முடிபெனக் கொள்கின்றான். நிலத்தையும் கோயிலையும் பற்றி வழக்காடுவோர், தமக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் பெயர்த்தெடுத்து, பழைய நூலே சொல்கின்றது என்று முழங்குகின்றனர். பழமை ஒன்றே உண்மைக்குச் சான்றாகாது என்பதை நினைவூட்ட அங்கே முன்னுரை ஒன்றேனும் இருத்தல் வேண்டும்.

ஆதலால் மறுபதிப்புச் செய்வோரிடம் நாம் வேண்டுவன சிலவே. எந்த ஆண்டின் எந்தப் பதிப்பை அச்சிடுகின்றோம் என்பதை முகப்பிலேயே கூறுதல் வேண்டும். மூலத்தில் எதனையும் நீக்கவோ சேர்க்கவோ கூடாது. நமக்கு உவப்பில்லாத இழிமொழிகளும் இருந்தவாறே இருத்தல் வேண்டும். திருத்தங்கள் அடிக்குறிப்பில் அமையட்டும். ஆசிரியர் யாவர், எவருக்காக எழுதினார், எதனைக் கண்டார், எதனைக் கேட்டார் என்று கூறும் முன்னுரை வேண்டும். அந்நூலோடு மாறுபடும் நூல்கள் எவை என்பதும் அங்கே சுட்டப்படல் வேண்டும். இறுதியிற் பெயரட்டவணையும் சேருமாயின், வாசகன் ஒரு வரியைத் தேடி ஒரு வாரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

இவையெல்லாம் புலவர்க்குரிய நுணுக்கங்கள்தாமே, நமக்கென்ன என்று ஒருவர் வினவலாம். 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு இருந்த ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. எரிந்தவற்றுள் மறுபடி அச்சானவை, வேறிடங்களிலிருந்து பின்னர் வாங்கிச் சேர்க்கப்பட்டன. வேறு பிரதியின்றி இருந்தவை மீளவில்லை. பரராசசேகரன் உலாவுக்கும் இராசமுறைக்கும் நேர்ந்த கதி, நம் கண்முன்னே, ஓரிரவில் வேறு நூல்களுக்கும் நேர்ந்தது. 2005ஆம் ஆண்டு முதல் ‘நூலகம்’ என்னும் மின்னூல் நிலையத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணி, எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு வழங்கி வருகின்றனர். அச்சுக்கூடத்தின் கடமை அதனோடு முடிந்துவிடவில்லை. ஆராய்ந்து பதிப்பிக்கும் பணி இன்னும் கற்றோர் கையிலேயே இருக்கின்றது.

நம் வீடுகளில் மச்சிலும் பரணிலும் பழைய பெட்டிகளிலும் எத்தனையோ ஏடுகளும் நூல்களும் இன்னும் கிடத்தல் கூடும். கோயில் மான்மியமாயிருக்கலாம், கோவிற்பற்றின் பழைய பதிவாயிருக்கலாம், பாட்டனார் வாங்கிய, இன்று அட்டையிழந்த அச்சுப் புத்தகமாயிருக்கலாம். அதனைப் பழந்தாள் வாங்குவோனிடம் கொடுக்குமுன் அறிந்தவர் ஒருவருக்குக் காட்டுங்கள். இரு சங்கிலியரைப் பிரித்தறிய உதவிய சான்று, உரிய காலத்தில் ஒருவர் எறியாமல் வைத்திருந்த கையெழுத்துப் பிரதியிலேயே இருந்தது. நாளை வரப்போகும் வரலாற்றாசிரியன் எந்தச் சாட்சியைத் தேடுவான் என்பது இன்று நமக்குத் தெரியாது. அவன் தேடும்போது அச்சாட்சி உயிரோடிருக்கச் செய்தல் மட்டும் நம்மால் இயலும்.